மூன்று நாள் காய்ச்சலுக்கு எதற்கு டாக்டர் சர்டிபிகேட்?

ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள் உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தவரிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்கவே கூடாது. இதை வெளியில் நின்று சொல்லவில்லை. கோவையில் பம்புசெட், வால்வு, ஃபவுண்டரி என்று வெவ்வேறு கம்பெனிகளின் பர்சனல் டிபார்ட்மென்ட்டில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போயிருக்கிறது. இப்போது அதற்கு எச்.ஆர். என்று பெயர். திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வரும் காகிதங்களில் பாதி இந்தச் சர்டிபிகேட்டுகள்தான். நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, வியர்வை பட்டு மை பரவியிருக்கும். "வைரல் ஃபீவர், இரண்டு நாள் ஓய்வு தேவை." அதை மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் இருக்கும் தேதியோடு ஒத்துப் பார்த்து, சரி என்றால் ஃபைலில் கோத்து, சரியில்லை என்றால் சம்பளத்தைப் பிடித்து, இப்படியே வருடங்கள் போயின.

இந்தச் சர்டிபிகேட் எப்படி இருக்க வேண்டும் என்று முறையான வாசகமே உண்டு. இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் கொண்டுவந்த மருத்துவர் நடத்தை விதிகளின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. நோயாளி, டாக்டரின் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அங்க அடையாளம் எழுத வேண்டும். கவனமாகப் பரிசோதித்துப் பார்த்ததில் இவருக்கு இன்ன நோய் இருக்கிறது, குணமாக இத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருப்பது மிகவும் அவசியம் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கொடுத்த சர்டிபிகேட்டுகளுக்கெல்லாம் தனிப் பதிவேடு வைத்து, நகலும் எடுத்து வைக்க வேண்டும். பொய்ச் சான்று கொடுப்பது நடத்தைக் குற்றம், நடவடிக்கை எடுக்கலாம்.

விதியில் குறை இல்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சாதாரண கிளினிக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள். வெளியே பெஞ்சில் இருபது பேர். உள்ளே போனவர், "முந்தாநாள் ராத்திரியிலிருந்து வயிறு சரியில்லைங்க, இப்போ பரவாயில்லைங்க" என்கிறார். வயிற்றுப்போக்கு நின்றுபோன பிறகு எந்த ஸ்டெதஸ்கோப் அதைக் கண்டுபிடிக்கும்? ஒற்றைத் தலைவலிக்கு, மாதவிலக்கு வலிக்கு, இடுப்புப் பிடிப்புக்கு, தூக்கமே இல்லாமல் போன ராத்திரிக்கு என்ன பரிசோதனை இருக்கிறது? வந்தவர் சொன்னதைத்தான் டாக்டர் எழுதுகிறார். அதே வார்த்தையை அதே ஆள் நேராக எங்களிடம் வந்து சொன்னால் நாங்கள் ஏற்பதில்லை. நடுவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழுந்துவிட்டால் ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த ஸ்டாம்ப்புக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, 26 நாளால் வகுத்தால், ஒரு நாள் கூலி 577 ரூபாய் வரும். டாக்டர் ஃபீஸ், ஒரு ஊசி, மாத்திரை, சர்டிபிகேட்டுக்கு என்று தனியாக வாங்கும் பணம், போக வர பஸ் எல்லாம் சேர்ந்தால் அந்தக் கூலி அங்கேயே கரைந்துவிடும். இதற்கு மேல் அட்டெண்டன்ஸ் போனஸ் வேறு. பல கம்பெனிகளில் மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அது முழுசாகப் போய்விடும். ஆக, லீவுச் சம்பளம் 577 ரூபாயைக் காப்பாற்ற அதைவிட அதிகமாகச் செலவழிக்க வேண்டும். யார் செய்வார்கள்? ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் மேனேஜருக்கு இந்தச் சிக்கலே இல்லை. குடும்ப டாக்டருக்கு ஒரு வாட்ஸாப் அனுப்பினால் பத்து நிமிஷத்தில் பி.டி.எஃப். வந்துவிடும். ஒரு சர்டிபிகேட்டைக் கையில் வாங்கினால் அவருக்குக் கையில் காசு இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். காய்ச்சல் இருந்ததா என்று சொல்ல முடியாது.

காய்ச்சலோடு வேலைக்கு வருவது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்கு ஒரு மாதிரி, பவர் பிரஸ்ஸில் நிற்பவருக்கு வேறு மாதிரி. பிரஸ் ஷாப்பில் தகட்டை டை என்கிற அச்சுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். இந்த மூன்றும் தாளம் தப்பாமல் நாள் முழுக்க நடக்க வேண்டும். நான் இருந்த ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஒருவர் காலையில் ஒரு சுற்று வருவார். ஒருநாள் ஒரு பையன் நிற்கிற தோரணையைப் பார்த்தே மெஷினை ஆஃப் செய்யச் சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. வீட்டுக்கு அனுப்பினால் அவனுக்கு அந்த மாத போனஸ் போய்விடும் என்று தெரிந்து, ஸ்டோர்ஸில் உட்கார வைத்து வாஷர் எண்ணிப் பொட்டலம் கட்டச் சொன்னார். அந்த மனிதரின் கண் அன்று அந்தப் பையனின் விரலைக் காப்பாற்றியது. எல்லா ஷிஃப்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி ஒரு கம்பெனியின் லீவு விதியை எழுதக் கூடாது.

அம்மை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சர்டிபிகேட் விதி எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்பது அதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அசெம்பிளி செக்ஷனில் இருந்த ஒருவர் இரண்டு வாரத்துக்குக் கிட்ட வரவில்லை. திரும்பி வந்தவரின் முகம், கழுத்து, முன்கை எல்லாம் காய்ந்த வடு. சின்னம்மை. எங்கள் டிபார்ட்மென்ட்டில் மருத்துவச் சான்றும் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் கேட்டார்கள்.

"ஆத்தா வந்திருக்கறப்போ ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க மேடம். மூணு தண்ணி ஊத்தித்தாங்க வெளியவே வந்தேன். சர்டிபிகேட்டுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார்.

அவர் வீட்டில் செய்ததை யோசித்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வெளியாள் உள்ளே வருவதில்லை. உடம்புக்கு முடியாதவர் தனியாகப் படுத்திருக்கிறார். கொப்புளம் எல்லாம் காய்ந்து உதிரும் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஊற்றும் வரை ஆள் வெளியே வருவதில்லை. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை அடுத்தவருக்குத் தொற்றும், அதுவரை தனியாக இருங்கள் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. ஒரு தொழிற்சாலைக்கு இதைவிட நல்லது செய்ய முடியாது. பெரியவர்களுக்கு அம்மை வந்தால் நுரையீரல் வரை போகலாம், முதல் நாளே டாக்டரைப் பார்த்து மருந்து எடுப்பது நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், அன்றும் சொன்னேன். ஆனால் அது அவர் உடம்பைப் பற்றிய அக்கறை. லீவு உண்மையா பொய்யா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

கடைசியில் என்ன நடந்தது? அவர் ஒரு கிளினிக்குக்குப் போய்ப் பணம் கொடுத்து ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்தார். அதில் "டைபாய்டு" என்று இருந்தது. தான் பார்க்காத அம்மைக்குச் சான்று தர அந்த டாக்டருக்கு மனம் வரவில்லையோ, அல்லது டைபாய்டுதான் அவருக்கு வழக்கமோ. ஊரே பார்த்த உண்மையான ஒரு நோய்க்குப் பொய்யான ஒரு காகிதம் வந்து சேர்ந்தது. அது ஃபைலில் ஏறியது, எல்லோருக்கும் திருப்தி.

சர்டிபிகேட் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சர்டிபிகேட் வேறு ரகம், அதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்குப் போகின்றன. ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்புக்கு முடியாமல் போகும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு அது 80 சதவீதமாகி, தகுதி உள்ளவர்களுக்கு இரண்டு வருஷம் வரைகூட நீளும். இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுக்கும் சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. எங்கள் டர்னர் ஒருவர், லேத் மெஷின் ஓட்டுபவர், டி.பி. வந்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டபோது அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தச் சான்றுகளால்தான். அங்கே அந்தக் காகிதம் தொழிலாளிக்குச் சோறு போடுகிறது. முழுதாகப் பரிசோதித்து, நோயைச் சொல்லி, சிகிச்சையைத் தொடங்கி வைக்கும் டாக்டர் எழுதும் காகிதம் அது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, சின்னக் காய்ச்சல் சரியாக அதில்தான் விழுகிறது. இ.எஸ்.ஐ.யில் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் தவிர, அந்த இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்திலோ, உழைத்துச் சேர்த்த ஈட்டிய விடுப்பு இருந்ததே தவிர, நோய் விடுப்பு என்று தனியாக ஒன்று இருக்கவே இல்லை; அதன் இடத்துக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் இல்லை. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல் வந்தது, கடையிலும் ஆபீசிலும் வேலை செய்பவருக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுக்கிறது. அதாவது ஏ.சி. ரூமில் இருப்பவருக்குச் சட்டப்படி நோய் விடுப்பு உண்டு, உருக்கிய இரும்பு ஊற்றுபவருக்குக் கம்பெனி மனம் வைத்தால்தான் உண்டு. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அவரைத் தாங்க யாருமில்லை. அந்த இடத்தில் நாங்கள் வேறு போய் நின்றுகொண்டு சர்டிபிகேட் எங்கே என்று கேட்கிறோம்.

"விட்டால் எல்லாரும் ஏமாற்றுவார்கள்" என்பது நான் மீட்டிங்குகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த வாதம். தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் வருவதும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இரண்டு நாள் கழித்து "வயித்தால போகுது" என்று போன் செய்வதும் உண்மைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எல்லோரும் சர்டிபிகேட்டோடுதான் வருகிறார்கள்! திட்டம் போட்டு லீவு எடுப்பவருக்குச் சர்டிபிகேட்டையும் திட்டம் போட்டு வாங்கத் தெரியும். அது இல்லாமல் வந்து நிற்பவர்தான் நிஜமாகவே படுத்துக் கிடந்தவர்.

அப்புறம், இந்தப் பொய்க் காய்ச்சலை வளர்ப்பதே நாங்கள்தான். அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும், சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, கொடுங்கள் என்று ஒருவர் கேட்கிறார். டிஸ்பாட்ச் இருக்கிறது, முடியாது என்கிறார் சூப்பர்வைசர். மாமன் போகாமல் காதுகுத்து நடக்குமா? மறுக்கவே முடியாத லீவு ஒன்றுதான், உடம்புக்கு முடியவில்லை என்பது. அவர் அதை எடுத்துக்கொள்கிறார். கல்யாண வேலைக்கும் வீடு கட்டும் வேலைக்கும் மெடிக்கல் லீவு போடுவது அரசு அலுவலகங்களிலும் பழகிப்போன வழக்கம். கேட்ட லீவை மரியாதையாகக் கொடுக்கும் செக்ஷனில் திங்கட்கிழமைக் காய்ச்சல் குறைவு. இதை மஸ்டரைப் புரட்டினால் எந்த எச்.ஆர். ஆளும் பார்க்கலாம். மாதாமாதம் ஒரே கிழமையில் காணாமல் போகிறவரையும் அதே மஸ்டர் காட்டிக்கொடுக்கும். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்னப்பா விஷயம் என்று கேட்க வேண்டும். குடியாக இருக்கலாம், கடன்காரனாக இருக்கலாம், வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மாவாக இருக்கலாம். சர்டிபிகேட் இதில் எதையும் நமக்குச் சொல்லாது.

டாக்டர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மெட்ராஸ் ஐ பரவும் சீசனில் கண்ணைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும். அதற்கும் சர்டிபிகேட் வேண்டும் என்று அனுப்பினால், அந்தச் சிவந்த கண்ணோடு ஒருவர் பஸ் ஏறி, கிளினிக் பெஞ்சில் கைக்குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா சொல்வார், மழைக்காலத்தில் தன்னைப் பார்க்க வருபவர்களில் பலருக்கு வேண்டியது மருந்தல்ல, கையெழுத்து. அந்த நேரத்தில் நிஜமாகவே டெங்குவோடு வந்தவர் வெளியே காத்திருப்பார்.

பிரிட்டனில் முதல் ஏழு நாளுக்குத் தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல்தான் மருத்துவச் சான்று. ஜெர்மனியில் நோய் மூன்று நாளைத் தாண்டினால் சான்று தர வேண்டும் என்பது பொது விதி, முதலாளி விரும்பினால் முன்னதாகவும் கேட்கலாம், ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். நம் ஆட்கள் நிறைய வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், சட்டப்படியான மூன்று நாள் நோய் விடுப்புக்கு டாக்டர் சீட்டு கேட்கக் கூடாது என்று 2024 அக்டோபரிலிருந்து தடையே வந்துவிட்டது. அந்த மூன்று நாளும் சம்பளமில்லாதவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயெல்லாம் மனிதர்கள் ரொம்ப நேர்மையானவர்கள் என்பதால் இந்த விதி வரவில்லை. சின்ன நோய்க்கு டாக்டரின் நேரத்தைச் செலவழிப்பது வீண் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வந்தது.

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் முதலாளியின் மகள் நிர்வாகத்துக்கு வந்த பிறகு இதைப் பேச முடிந்தது. மூன்று நாள் வரை டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம், தொழிலாளியே ஒரு பக்கப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாற்றினோம். படிவம் தமிழில் இருக்கிறது. பெயர், எந்தத் தேதிகள், இப்போது வேலை செய்ய முடிகிறதா, முதல் நாளுக்குப் பளு குறைந்த வேலை வேண்டுமா என்ற கேள்விகள்தான். என்ன நோய் என்ற கட்டம் இருக்கிறது, விருப்பமிருந்தால் மட்டும் எழுதலாம். அந்த வார்த்தையைச் சேர்க்கத்தான் ரொம்ப வாதாட வேண்டியிருந்தது. வைண்டிங் செக்ஷனில் பெண்கள் அதிகம். மாதவிலக்கு வலிக்கு லீவு போட்டுவிட்டு "வைரல் ஃபீவர்" சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். பீகாரில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 1992லேயே மாதம் இரண்டு நாள் கொடுத்துவிட்டார்கள் என்று அந்த மீட்டிங்கில் சொன்னேன். இப்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை.

படிவத்தின் பின்பக்கம் டெங்குவைப் பற்றி நாலு வரி அச்சடித்திருக்கிறோம். சர்டிபிகேட் வேண்டாம் என்றதும் டாக்டரே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் எனக்கு. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தம் டெஸ்ட் செய்யுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். சரியாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குக் கிளம்புவதும் அந்த நாளில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியான தூக்கம் இருந்தால் ஷிஃப்டுக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

ஆரம்பத்தில் லீவு கொஞ்சம் கூடியது. நிர்வாகம் பதறியது, பொறுங்கள் என்றேன். பிறகு பழைய அளவுக்கு இறங்கி நின்றது. காய்ச்சலோடு மெஷினில் நிற்பதுதான் குறைந்திருக்கிறது. அட்டெண்டன்ஸ் போனஸை ஒரு நாளுக்காக முழுசாகப் பிடிக்காமல் அந்த ஒரு நாள் அளவுக்கு மட்டும் பிடிப்பது என்று மாற்றிய பிறகுதான் அது நடந்தது. அதை மாற்றாமல் சர்டிபிகேட்டை மட்டும் எடுத்திருந்தால் பாதிப் பேர் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்னும் இது வரவில்லை. ஒரே கூரை, ஒரே மெஷின், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் போடுவது கான்ட்ராக்டர். வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதுதான் அங்கே ஒரே விதி. படிவத்தை நிரப்பி அவர்கள் யாரிடம் கொடுப்பார்கள்? லேபர் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது, மாதம் ஒரு நாளாவது சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுக்க வேண்டும், அந்தச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கும் போட்டு இணைத்திருக்கிறேன். அக்கவுண்ட்ஸில் அது இன்னும் பார்வையில் இருக்கிறது.